குறைத்துப் போடச் சொன்ன பிள்ளை

புத்திசாலிப் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். ரிட்டயர் ஆனவள் சும்மாதானே இருக்கிறாள், நாலு நல்ல கதை சொல்லட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நல்ல கதைகளும் இருக்கின்றன. நம் மையத்தில் நான் ஐ.க்யூ. டெஸ்ட் வைத்துப் பார்த்த பிள்ளைகள் டாக்டரும் இன்ஜினியருமாகிக் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வருகிறார்கள். அதையெல்லாம் டீ குடிக்கும்போது சொல்லிச் சொல்லி உங்களை ஏற்கெனவே கழுத்தறுத்திருக்கிறேன். இன்றைக்கு எழுதுவது வேறு. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம்கூடப் பாதிதான் சொன்னேன், மீதியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

கயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. ஆத்தங்குடிப் பிள்ளை. அப்பா அங்கே சின்னதாக ஒரு டைல்ஸ் பட்டறை வைத்திருந்தார், கண்ணாடி மேல் வர்ணக் கலவையை ஊற்றிக் கையாலேயே தரைக்கல் செய்கிற பட்டறை. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோய், சுயமாகக் கால் ஊன்றிய மனுஷன். ஒரே மகள். காரைக்குடிக்கு வெளியே ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்திருந்தார். பிள்ளை நாலாம் வகுப்பு வந்ததும் புகார் வந்தது. வாயால் கேட்டால் பதில் சொல்கிறாள், நோட்டில் தானாக ஒன்றும் எழுதுவதில்லை, பரீட்சைத் தாளைக் கொடுத்தால் பாதி வெள்ளையாகத் திரும்பி வருகிறது. அந்தப் பள்ளியின் ஹெச்.எம். அம்மா எனக்குப் போன் போட்டார். "மந்தமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க மேடம். மந்தம்னா நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி விட்டுப் புடிச்சுக்குவோம்" என்றார்.

நம் மையத்துக்கு அப்பாவும் மகளும் காலையில் முதல் ஆளாக வந்தார்கள். கயல் செருப்புக் காலோடு நேரே என் அறைக்குள் வந்துவிட்டாள். வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறதே, அதற்கு நேர் கீழேதான் தாண்டி வந்தாள். "ஏய் கண்ணு, போர்டைப் பாக்கலையா?" என்றேன். "ஐயோ, சாரி மிஸ்" என்று ஓடிப்போய்க் கழற்றிவிட்டு வந்தாள். அவசரக்குடுக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

டெஸ்ட் ஆரம்பித்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போல என் வேலையில் நான் அனுபவித்தது குறைவு. டெஸ்டில் இருக்கிற கேள்வியை அப்படியே எழுதக் கூடாது, உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி ஒன்றைச் சொல்கிறேன். கதவுக்கும் சன்னலுக்கும் என்ன ஒற்றுமை? பெரும்பாலான பிள்ளைகள் ரெண்டும் மரம், ரெண்டும் வீட்டில் இருக்கும் என்பார்கள். இவள் கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். "ரெண்டையும் சாத்துறதுக்குத்தான் மிஸ் செய்யுறாக. தொறந்தே வைக்கணும்னா ஓட்டையா விட்டிருப்பாகல்ல?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டெஸ்ட் வைக்கிறபோது சிரிக்கக் கூடாது. வர்ணக் கட்டைகளை எடுத்து வைத்தேன், படத்தைப் பார்த்து அதே மாதிரி அடுக்கச் சொல்கிற பகுதி. நான் ஸ்டாப்வாட்சை அமுக்கிக் கீழே வைப்பதற்குள் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க பட்டறையில இதவிடக் கஷ்டமான டிசைன்லாம் இருக்கு மிஸ். ஒரு நா வாங்க, காட்டுறேன்" என்றாள்.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கினாள். சின்னச் சின்னக் குறிகளைப் பார்த்துப் பென்சிலால் வேகமாக எழுதுகிற பகுதி. அங்கே மட்டும் நத்தை வேகம். நெற்றி வேர்த்துவிட்டது. மற்ற எல்லாவற்றிலும் மலை உச்சி, இதில் மட்டும் பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்த உடனே நான் டெஸ்டை நிறுத்தி வைத்து யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மொத்தத்தோடு சேர்த்துக் கூட்டிவிட்டேன். பள்ளத்தைச் சேர்த்த பிறகும் எண் பிரமாதமாக வந்தது. அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். ஹெச்.எம். அம்மாவையும் போனில் ஸ்பீக்கரில் போட்டேன். எண்ணை அப்படியே சொன்னேன். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள், வெறும் எண்ணைத் தூக்கிப் பெற்றவர் கையில் கொடுக்காதே, இதிலிருந்து இதற்குள் இருக்கலாம் என்று சொல், எது வருகிறது எது வரவில்லை என்று பிரித்துச் சொல் என்று. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மந்தமா என்று கேட்டவர் வாயை அடைக்கிற ஆசை எனக்கு. போனில் அந்த அம்மா "அப்படியா" என்று இழுத்தது எனக்குத் தேனாக இருந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நெசமாவா மேடம்? எம் புள்ளையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்புறம் ஏன் மேடம் எழுத மாட்டேங்குறா?"

பாருங்கள், வந்த கேள்வியே அதுதான். பள்ளியும் அதைத்தான் கேட்டது, தகப்பனும் அதைத்தான் கேட்டார். என் டெஸ்டில் அதற்குப் பதில் கிடையாது. நம் டெஸ்ட் பெரும்பாலும் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குவது, மீதி கட்டையும் குறியும். கேள்விப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கும், நாம்தான் தமிழில் சொல்லிக் கேட்கிறோம். அன்றைக்கு அந்தப் பிள்ளை கையில் நான் ஒரு வரி எழுத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. 'தெரியலை, இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க, பாத்துச் சொல்றேன்' என்பதுதான் யோக்கியமான பதில். எதிரில் ஒரு மனுஷன் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது தெரியலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"புத்தியெல்லாம் நெறைய இருக்கு. முயற்சிதான் பத்தாது" என்றேன். அறிக்கையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் பாதி டெஸ்ட் சொன்னது. இரண்டாவது பாதியை எந்த டெஸ்டும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது.

மறு வருஷம் ஐந்தாம் வகுப்பில் அப்பா மறுபடி கூட்டிக்கொண்டு வந்தார். ஹெச்.எம். அம்மாவும் கூடவே வந்திருந்தார். வெளியூரில் ஒரு ஹாஸ்டல் பள்ளி. கண்டிப்புக்குப் பேர்போனது. இந்த மாதிரி மூளை உள்ள பிள்ளைகளைப் பிழிந்து எடுத்துவிடுவார்கள் என்று அந்த அம்மாதான் சிபாரிசு செய்திருந்தார். சேர்ப்பதற்குப் புது அறிக்கை கேட்டார்களாம். "ஞாயித்துக்கெழம கொண்டுபோயி விடணும் மேடம். மறுபடி ஒரு தடவ டெஸ்ட் வச்சுக் குடுத்தீகன்னா வேலை முடிஞ்சிரும்" என்றார் அப்பா. கயல் இளைத்திருந்தாள். நகத்தையெல்லாம் சதையோடு கடித்து வைத்திருந்தாள். இந்தத் தடவையும் செருப்போடு உள்ளே வந்து, என் வெறுங்காலைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிப் போய்க் கழற்றினாள். போன வருஷம் சொன்னது மறந்துவிட்டது போல, இல்லை திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். திமிர் என்றுதான் நினைத்தேன், மறைக்கவில்லை.

டெஸ்ட் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் எனக்கு ஏதோ இடித்தது. சுலபமான கேள்விக்கு "தெரியல மிஸ்" என்றாள். கஷ்டமானதற்கு வாயைத் திறந்து, பதிலின் முதல் பாதி வெளியே வந்துவிட்ட பிறகு, உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு எதையோ சொன்னாள். கட்டைகளைக் கொடுத்தேன். அழகாக அடுக்கினாள், முழுசாகச் சரியாக. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு மூலையில் இருந்த ஒரே ஒரு கட்டையை விரலால் திருப்பி வைத்தாள். அடுத்த படத்துக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே, அதே மூலை, அதே விரல். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த டெஸ்டில் தனக்கு இல்லாத திறமையைக் காட்டுவது கஷ்டம். இருக்கிற திறமையை ஒளித்து வைப்பது ரொம்பச் சுலபம். குறைந்த எண்ணைப் பார்த்தால் உடனே நம்பாதீர்கள். பயம், தூக்கம், பசி, முதல் நாள் வாங்கிய அடி, எல்லாம் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும்.

நான் பெட்டியை மூடினேன். "வேணும்னேதான தப்பா வைக்கிற?" என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. "ஆமா மிஸ்" என்றாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள். "மார்க்கக் கொஞ்சம் கொறைச்சுப் போடுவீகளா மிஸ்?"

"ஏன்டீ?"

"கொறைஞ்சிருச்சுன்னா ஹாஸ்டல் கெடையாது. முன்ன மாதிரி வீட்டுல விட்டுருவாக."

"முன்ன மாதிரின்னா?"

"நீங்க மார்க் போடுறதுக்கு முன்ன மிஸ். அப்பல்லாம் எழுத வரலைன்னா, பாவம் புள்ளைக்கு வரலைன்னு அம்மா தலையைத் தடவும். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக. இப்ப எழுத வரலைன்னா, இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டுத் திமிரான்னு அடிக்கிறாக. ஸ்கூல்லயும் மத்தியானம் சோறு திங்க விடாம எழுதச் சொல்றாக." சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லாதீக மிஸ்."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

என் மேசைக்குப் பின்னால் சுவரில் மாதா படம் ஒன்று இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைக் காட்டி, "அந்தச் சாமி மேல?" என்றாள். நான் எழுந்து போய்ப் படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். விளையாட்டுக்கு இல்லை, மனசாரத்தான் பண்ணினேன். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

வெளியே வந்தோம். கூடத்தில் அப்பா, பக்கத்தில் ஹெச்.எம். அம்மா. "என்ன மேடம், எவ்வளவு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இன்னைக்குச் சரியா வரல. ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றேன். இதுவரை சரிதான்.

"வரலைன்னா? கொறைஞ்சிருச்சா?" அந்த அம்மா உதட்டோரம் ஒரு சிரிப்பு. "அப்ப போன தடவ நீங்க போட்டது? அப்பவே எங்க ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிட்டாக, இதெல்லாம் ஒரு டெஸ்டான்னு. ஒங்க ரிப்போர்ட்டை நம்பித்தான் மேடம் நாங்க அந்த ஸ்கூல் வரைக்கும் பேசி வச்சிருக்கோம். அடுத்து எந்தப் புள்ளைய ஒங்ககிட்ட அனுப்புறது?"

அப்பாவும் என்னைப் பார்த்தார். போன வருஷம் கும்பிட்ட அதே ஆள். பார்வையில் இப்போது சந்தேகம்.

அந்த நிமிஷம் என்னிடம் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை எனலாம். முந்தின அறிக்கையில் நான் தப்புப் பண்ணியிருக்கலாம் எனலாம், அது உண்மையும்கூட. யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு மண்டைக்கனம். இத்தனை வருஷ சர்வீஸில் என் டெஸ்டைப் பார்த்து ஒருத்தி இதெல்லாம் ஒரு டெஸ்டா என்கிறாள். காது மடல் சுட்டது.

"டெஸ்ட்ல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "இவதான் வேணும்னே தப்புத் தப்பா சொல்றா. அவளே எங்கிட்ட ஒத்துக்கிட்டா."

கயல் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் செருப்பை மாட்டியிருந்தாள், இன்னொன்று கையில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. நான் சொன்னதை அவள் சரியாகக் கேட்டாளா என்று எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி, புரியாமல் பார்த்தாள்.

அப்பா அங்கே கையை ஓங்கவில்லை. "ஏந்தாயி, எல்லாரையும் கேணையாக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஒற்றைச் செருப்போடு வண்டி வரைக்கும் நொண்டி நொண்டிப் போனாள். ஹெச்.எம். அம்மா வாயடைத்துப்போய், "ஒங்க டெஸ்டை நாங்க தப்பா சொல்லல மேடம்" என்று மழுப்பினார். ஜெயித்துவிட்டேன். உள்ளே போய் ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்தேன், சந்தோஷமாகவே குடித்தேன். சொல்லவே கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

கட்டைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும்போதுதான் அவள் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. எழுத வரலைன்னா. எழுத மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, வரலை என்றாள். எழுந்து வாசலுக்கு வந்தேன். போர்டு என் தலைக்கு மேல் தொங்கியது. வார்த்தைக்கு வார்த்தை மிஸ் என்று மரியாதை காட்டுகிற பிள்ளை, சொன்னதும் சாரி சொல்லி ஓடுகிற பிள்ளை, இரண்டு தடவையும் அந்தப் போர்டுக்குக் கீழே செருப்போடு வந்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் போர்டை வாசிக்கத் தெரியவில்லை. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு, என் டெஸ்டில் உச்சியில் நின்ற பிள்ளைக்கு, எழுத்து கூடவில்லை. நான் அவளுக்கு முயற்சி போதாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதா படத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் ஆத்தங்குடிக்குப் போனேன். கயலின் அம்மாதான் வாசலுக்கு வந்தார். "வாங்க மேடம். இன்னும் என்ன மிச்சம் வச்சிருக்கீக?" என்றார். அதற்கு மேல் என்னை யாரும் அடித்ததில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நானாகவே உள்ளே போனேன்.

கூடத்தில் ஒரு மூலையில் அவள் படிக்கிற இடம். சின்ன மேசை, ஒரு ஃபேன். அதற்கு முன்னால் தரையில் ஒரு கல் மட்டும் புதுசாகப் பதித்திருந்தது. சிவப்பில் பூ, மஞ்சளில் வளைவு, நடுவில் நான் போட்ட எண். அப்பா தன் பட்டறையில் தன் கையாலேயே ஊற்றி, காயவைத்து, தரையை வெட்டிப் பதித்திருக்கிறார். மகள் உட்கார்ந்து எழுதும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டும் என்று. அவள் அந்தக் கல்லின் மேல் கால் வைக்காமல் கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தொடையில் ஸ்கேல் தடம். இன்னொரு மூலையில் ஹாஸ்டலுக்குப் போகிற தகரப் பெட்டி, புதுசு.

பட்டறையிலிருந்து அப்பா வந்தார், கையெல்லாம் சிமெண்ட். "அவளை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லணும். அவ்வளவுதான். அப்புறம் என்னை வெளிய போன்னாலும் போயிர்றேன்" என்றேன். கயல் என் முகத்தைப் பார்க்க மறுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா அதட்டப் போனார், நான் தடுத்தேன். அம்மாதான் கட்டிலில் போய் உட்கார்ந்து, "எனக்காக வாசி தாயி. அம்மாவுக்கு மட்டும்" என்றார்.

இங்கிலீஷ் புத்தகத்தின் முதல் பாடத்தை எடுத்துக் கடகடவென்று வாசித்தாள். ஒரு பிசிறு இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், அதான் வாசிக்கிறாளே என்கிற மாதிரி. நான் பக்கத்தைக் கையால் மூடி, நடுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விரலிடுக்கில் தெரிய விட்டேன். "இது என்னம்மா?" அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு முதல் எழுத்தைப் பிடித்தது, இரண்டாவதற்குப் போகவில்லை. தமிழ்ப் புத்தகத்தைத் திருப்பினேன், பழக்கமில்லாத பின்பக்கம். அதே கதை. வகுப்பில் டீச்சர் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அத்தனை பாடத்தையும் மனப்பாடமாகத் தலைக்குள் ஏற்றி வைத்திருக்கிறாள். போர்டில் இருப்பதைக் கோலம் மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். அவளுடைய புத்திதான் அவளுடைய குறையை இத்தனை வருஷம் எல்லாரிடமிருந்தும் மறைத்தது. முயற்சியாம், போதாதாம். இந்தப் பிள்ளை பட்ட பாட்டில் பாதி நான் பட்டிருக்க மாட்டேன்.

"இது நோய் இல்ல, திமிரும் இல்ல" என்றேன். "எழுத்து மட்டும் அவளுக்குப் புடிபடாம நழுவுது. டிஸ்லெக்சியாம்பாக. தனியா சொல்லிக்குடுத்தா மெல்ல வரும். இத நான் முத நாளே பாத்திருக்கணும். பாக்காம, முயற்சி பத்தாதுன்னு சொன்னது என் தப்பு."

அப்பா அப்படியே தரையில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, சண்டை போடாமல், கெஞ்சுகிற மாதிரி ஒன்று சொன்னார்.

"நீங்க சொன்னீகன்னுதான மேடம் அடிச்சேன்."

படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி ஒரு மனுஷன் தன் மகளை அடித்திருக்கிறார். ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஹாஸ்டலுக்கு அவள் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தெடுத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எழுத்து சொல்லிக் கொடுக்க நம் மையத்துக்கு வரச் சொன்னேன். வரவில்லை. மதுரையில் ஒரு டீச்சரிடம் வாராவாரம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள், இங்கே பக்கத்தில் நான் இருக்கும்போது. நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

போன வருஷம், நான் ரிட்டயர் ஆவதற்குச் சில மாதம் முன்னால், அவர்கள் வந்தே ஆக வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்குப் புது டெஸ்ட், புது அறிக்கை வேண்டும், அதற்கு நம் மையத்து முத்திரைதான் செல்லும். நான் அறைக்குள்ளிருந்து பார்த்தேன். இரட்டைச் சடை, பள்ளிச் சீருடை, என் உயரம் வளர்ந்திருந்தாள். வாசலில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைந்தது, ஒவ்வொரு எழுத்தாக. முழுக்க வாசித்து முடித்துவிட்டுத்தான் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

எழுந்து போய், "வா தாயி, இங்குட்டு வந்து ஒக்காரு" என்றேன்.

"நீங்க வேணாம் மிஸ்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "அந்த அக்கா வைக்கட்டும்." பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள். உங்களில் ஒருத்தியைத்தான் சொல்கிறேன், யார் என்று உனக்கே தெரியும்.

அவளை ஓரமாகக் கூப்பிட்டேன். இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னேன். மன்னிச்சிரு தாயி, என்னால நீ அடி வாங்குன, என்றேன்.

"அடி பரவால்ல மிஸ்" என்றாள். "அப்பா அன்னைக்கே எங்கிட்ட அழுதுட்டாக." சடையைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "நான் ஒங்ககிட்ட மட்டுந்தான் மிஸ் சொன்னேன்."

சொல்லிவிட்டு உன்னோடு டெஸ்ட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ கேள்விக்கு அவள் ஏதோ பதில் சொன்னாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய். டெஸ்ட் வைக்கிறபோது சிரிக்கக் கூடாது என்று நான் உன்னிடம் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு நீ கேட்டாய்: "ஏன் மேடம், அந்தப் பொண்ணு ஒங்ககிட்ட ஒக்கார மாட்டேன்னுச்சு? முன்னாடியே தெரியுமா?" நான் பையை எடுத்து மாட்டிக்கொண்டே, "தெரியாதும்மா, இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றேன்.

பொய். அவளை எனக்குத் தெரியும். தன்னைக் காப்பாற்றச் சொல்லி என்னிடம் வந்த பிள்ளை அவள். நான் டெஸ்டைக் காப்பாற்றிக்கொண்டேன்.